ஒர்க்‌ஷாப் பேட்டரிச் சாமான்கள்: சார்ஜ் ஏறலை, பவர் நிக்கலை என்பவர்களுக்கான கேள்வி பதில்

பர்மாவில் யாங்கோனிலும் பெகுவிலும் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் ஆட்கள் என் மேசைக்குக் கொண்டுவரும் சாமான்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சார்ஜ் ஏறாத, சக்கர நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச், ஆன் ஆகாத, காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர், உப்பிப்போன, பேட்டரி இறங்கிய காரை ஸ்டார்ட் செய்யும் ஜம்ப் ஸ்டார்ட்டர், எரியாத கை விளக்கு. கேள்விகளும் அவையேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். கரண்ட் முறை வைத்து வரும் ஊரில் இந்த பேட்டரிச் சாமான்கள்தான் நம் தொழிலை ஓட்டுகின்றன. நல்ல பேட்டரியைச் செத்ததாக நினைத்துத் தூக்கிப் போடக் கூடாது. செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கப் போய்க் கடையில் தீ பிடிக்கவும் கூடாது.

அண்ணே, சார்ஜ் ஏற மாட்டேங்குது. பேட்டரி போச்சா, சார்ஜர் போச்சா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சுவரிலிருந்து ஆரம்பித்து சாமானை நோக்கி வாருங்கள். முதலில் பிளக் பாயிண்ட். அதே பாயிண்டில் ஒரு பல்பையோ போன் சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் போடுங்கள். ஒர்க்‌ஷாப் தரையில் கார் ஏறி இறங்கும் ஒயரில் உள்கம்பி அறுந்திருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

அப்புறம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதே கம்பெனி, அதே வோல்ட் பேட்டரி இன்னொன்றைப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கி உங்கள் சார்ஜரில் போடுங்கள். உங்கள் பேட்டரியை அவர்கள் சார்ஜரில் போடுங்கள். அவர்கள் பேட்டரி உங்கள் சார்ஜரில் ஏறினால் சார்ஜர் நல்லது. உங்கள் பேட்டரி எங்கேயும் ஏறாவிட்டால் கோளாறு பேட்டரியில். பேட்டரி இரண்டு சார்ஜரிலும் ஏறி, ரெஞ்ச் மட்டும் சுற்றாவிட்டால் சுவிட்ச், கார்பன் பிரஷ், மோட்டார் பக்கம் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் புது பேட்டரி வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

மீட்டர் வச்சுப் பார்த்தா எத்தனை வோல்ட் காட்டணும்?

முதலில் மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். அது இறங்கிப்போனால் மீட்டர் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். செத்த பேட்டரியை நல்லதென்று நம்ப வைத்துவிடும்.

லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட், சாதாரணமாக 3.6 வோல்ட். 18 வோல்ட் பேட்டரியில் ஐந்து செல் வரிசையாக இருக்கும். அதனால் முழு சார்ஜில் 21 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், பாதியில் 18க்கு மேல். 12.5 வோல்ட்டுக்கு வந்தால் செல் ஒன்றுக்கு 2.5 வோல்ட் என்று அர்த்தம், அடியைத் தொட்டாயிற்று. சில பேட்டரிகளில் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் தூங்கிக்கொண்டிருந்தால் வெளி முனையில் பூஜ்யம்கூடக் காட்டும். அதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

காரில் இருக்கும் ஈய பேட்டரியும், பெரிய பெட்டி மாதிரியான பழைய ஜம்ப் ஸ்டார்ட்டரில் இருப்பதும் வேறு கணக்கு. சார்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பாருங்கள். 12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே பல நாள் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

18 வோல்ட், 20 வோல்ட்னு ரெண்டு போட்டிருக்கே, 20 தானே பவர் அதிகம்?

இரண்டும் அதே ஐந்து செல்தான். ஒரு கம்பெனி சாதாரண வோல்டேஜை எழுதுகிறது, இன்னொன்று முழு சார்ஜ் வோல்டேஜைச் சுற்றி எழுதுகிறது. ஆனால் ஒரு கம்பெனி பேட்டரியை அடாப்டர் வைத்து இன்னொரு கம்பெனி மெஷினில் போட்டு ஓட்டும்போது கவனம் வேண்டும். பேட்டரி இறங்கியதும் நிறுத்தும் வேலை சில கம்பெனிகளில் பேட்டரிக்குள் இருக்கிறது, சிலவற்றில் மெஷினுக்குள் இருக்கிறது. இரண்டிலும் இல்லாத ஜோடி சேர்ந்துவிட்டால் பேட்டரி அடியோடு காலியாகும் வரை ஓடும்.

ஜப்பான் செகண்ட்ஹேண்ட் சாமான், நல்லா இருந்துச்சு. பிளக்ல சொருகின உடனே டப்புனு சத்தம், கருகின வாசம். ஏன் இப்படி?

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. ஜப்பானிலிருந்து பழைய கார்கள் வரும் வழியிலேயே பழைய கருவிகளும் சார்ஜர்களும் வருகின்றன. தரமான சாமான், விலையும் குறைவு, வாங்க வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். சொருகும் முன் சார்ஜரின் அடியில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் நேராகப் போடலாம். வெறும் 100 என்று இருந்தால், 230ஐ 100ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் கையே வைக்காதீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். வரும் மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்புகிறது சார்ஜர். 100 வோல்ட்டில் அங்கே சுமார் 140 வோல்ட் நிற்கும், அதனால் 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரை வைத்திருப்பார்கள். 230ல் சொருகினால் அதே இடத்தில் 325 வோல்ட் ஏறும். கெப்பாசிட்டரின் தலை வெடித்துத் திறக்கிறது, அதுதான் அந்த டப். நல்ல சார்ஜராக இருந்தால் வாயில் இருக்கும் வாரிஸ்டர் என்ற நீல வட்டத் துண்டு முதலில் தன்னைப் பலி கொடுத்து பியூஸை எரித்துவிடும். அப்படியென்றால் அந்த இரண்டையும் மாற்றினாலே சார்ஜர் பிழைத்துக்கொள்ளும். அதனால் வெடித்த சார்ஜரைக் குப்பையில் போடாமல் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். நீங்களே திறந்து விரல் வைக்காதீர்கள்.

ஸ்டெப் டவுன் வாங்கும்போது சார்ஜர் லேபிளில் இருக்கும் ஆம்பியரை 100ஆல் பெருக்குங்கள், வரும் வாட்டுக்கு ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியதாக வாங்குங்கள். அதன் பிளக் பாயிண்டுக்கு மேலே பெயிண்டில் பெரிதாக 100 என்று எழுதி வையுங்கள். கடைப் பையன் அவசரத்தில் பக்கத்துப் பாயிண்டில் சொருகிவிடுவதுதான் பாதி வெடிப்புக்குக் காரணம்.

கரண்ட் இருக்கு, ஃபேன் மெதுவா சுத்துது, ஆனா சார்ஜர் லைட் மினுக்கு மினுக்குனு அணைஞ்சு அணைஞ்சு எரியுது.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பும் ஏசியும் போடும்போது 230 வர வேண்டிய இடத்தில் 160, 170 வருவதுண்டு. 100-240 லேபிள் இருக்கும் சார்ஜர் இதைக் கண்டுகொள்ளாது. 220-240 மட்டும் போட்டிருக்கும் சார்ஜர் எழ முயன்று எழ முயன்று விழும். நீங்கள் பார்க்கும் மினுக்கல் அதுதான்.

மேலே சொன்ன ஜப்பான் சார்ஜரும் ஸ்டெப் டவுனும் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் குழப்பும். உள்ளே வருவது 160 ஆனால் வெளியே போவது 70தான். சார்ஜர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், ஸ்டெபிலைசரைப் போட்டு 230 ஆக்கிவிட்டு அப்புறம் ஸ்டெப் டவுன் வழியாகக் கொடுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு, கொஞ்சம் விலை கூடினாலும் 100-240 சார்ஜர்.

மீ லா (கரண்ட் வந்தாச்சு) ஆன உடனே எல்லாத்தையும் சொருகிடலாமா? நாலு மணி நேரந்தானே வரும், வீணாக்கவா?

ஐந்து நிமிடம் விடுங்கள். கரண்ட் திரும்பி வரும் முதல் நிமிடங்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும், சில நேரம் வந்த வேகத்தில் போய் மறுபடி வரும். பிரிட்ஜுக்குப் போடுகிற, தாமதித்துத் திறக்கும் காவல் பெட்டி ஒன்றைச் சார்ஜர்களுக்கும் போட்டுவிட்டால் நீங்கள் காத்திருக்கவே வேண்டாம்.

நேரம் போதவில்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை. 5 ஆம்பியர்-அவர் பேட்டரியை 3 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நாலு மணி நேர முறையில் ஒரு சார்ஜர் இரண்டு பேட்டரியைத்தான் முடிக்கும். மூன்றாவது பேட்டரி வாங்கலாமா என்று யோசிப்பவர்களிடம் இரண்டாவது சார்ஜர் வாங்குங்கள் என்பேன். ஒரே முறையில் நாலு பேட்டரி ஏறிவிடும்.

ஜெனரேட்டர்ல போட்டா ஒண்ணும் ஆகல. ஆனா இன்வெர்ட்டர்ல போட்டா சார்ஜர் ம்ம்ம்னு கத்துது, சூடாகுது.

உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை கொடுக்கும் வகை. பெட்டியில் ‘மாடிஃபைடு’ என்று எழுதியிருக்கும். கை விளக்கோடு வரும் மலிவான சின்ன சார்ஜர்களும், பழைய இரும்புக்கட்டி டிரான்ஸ்பார்மர் சார்ஜர்களும் இதில் சூடாகிக் கருகும். நல்ல எலக்ட்ரானிக் சார்ஜர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், ஆனாலும் கை வைக்க முடியாத சூடு வந்தால் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் புதிதாக வாங்குவதாக இருந்தால் ‘பியூர் சைன்’ கேட்டு வாங்குங்கள்.

ஜெனரேட்டரிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கம்ப்ரசர் நிற்கும் நொடியில் சின்ன ஜெனரேட்டரின் வோல்டேஜ் மேலே துள்ளும். கம்ப்ரசர் ஓடும் ஜெனரேட்டரில் சார்ஜரையும் ஸ்கேனரையும் சேர்த்துப் போடாதீர்கள்.

நூறு ஆம்பியர் பேட்டரி ஒண்ணு இன்வெர்ட்டருக்கு வச்சிருக்கேன். அதுல எத்தனை பேட்டரி சார்ஜ் போடலாம்?

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் என்றால் 1200 வாட்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 600. இன்வெர்ட்டர் தின்பது போக 500 மிஞ்சும். 18 வோல்ட் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 வாட்-அவர், சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் 110. அப்போ நாலு பேட்டரி. அதே நேரத்தில் விளக்கும் ஃபேனும் ஓடினால் இரண்டு.

நட்டு கழற்றின கையோட சார்ஜ்ல போட்டா சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரியுது. ரிப்பேரா?

பேட்டரி சூடாக இருக்கிறது, ஆறும் வரை சார்ஜர் காத்திருக்கிறது. லைட் எரியும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சார்ஜரின் மேலேயே படம் போட்டிருப்பார்கள். ஏப்ரல் மாத வெயிலில் தகரக் கொட்டகைக்குள் காற்றே நாற்பது டிகிரி இருக்கும்போது நாலு சக்கரம் கழற்றிய பேட்டரி லேசில் ஆறாது. நிழலில், ஃபேன் காற்றில் அரை மணி நேரம் வையுங்கள். பிரிட்ஜுக்குள் வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும், வேண்டாம்.

ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பேட்டரி காலையிலும் இதே லைட்டைக் காட்டினால் சூடு காரணம் இல்லை. சூட்டை அளக்கும் சின்ன சென்சரின் முனை அழுக்கேறியிருக்கும் அல்லது சென்சரே போயிருக்கும். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

மழைக் காலம் வந்தாலே சார்ஜர் வேலை செய்யாது. வெயில் காலத்துல சரியாயிடும். இது என்ன மாயம்?

மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நம் ஊர்க் காற்றில் தண்ணீர் மிதக்கிறது. பேட்டரியின் செம்பு முனைகளில் பச்சையும் கறுப்பும் படியும். அதோடு ஒர்க்‌ஷாப்பின் கிரீஸ் ஆவியும் தூசியும் சேர்ந்து ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெரிய முனைகளில் கரண்ட் ஓடினாலும், நடுவில் இருக்கும் மெல்லிய முனை சென்சருக்கும் தகவலுக்கும் உள்ளது. அது தொடாவிட்டால் சார்ஜர் பேட்டரியை மதிக்காது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், போகாவிட்டால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். எமரித் தாள் போடாதீர்கள். மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கு முன்பே மறுபடி துரு ஏறும்.

சார்ஜரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டியும் பாருங்கள். கிரைண்டருக்குப் பக்கத்தில் இருந்த சார்ஜரிலிருந்து கறுப்பு மாவு மாதிரி இரும்புத்தூள் கொட்டும். பல்லி, எறும்புக் கூடு எல்லாம் உள்ளே இருக்கும். இரும்புத்தூளும் ஈரமும் சேர்ந்தால் போர்டில் ஷார்ட். சார்ஜரைத் தரையில் வைக்காமல் தோள் உயரத்தில், கிரைண்டருக்கு எதிர்ச் சுவரில் பலகை அடித்து வையுங்கள். மழைத் தண்ணீர் கடைக்குள் புகுந்து பேட்டரி மூழ்கியிருந்தால் கதை வேறு. காய்ந்த பிறகும் அதைச் சார்ஜில் போடக் கூடாது.

பச்சை லைட் வந்துடுது, ஃபுல்னு காட்டுது. ஆனா ரெண்டு நட்டு கழற்றினதும் நின்னுடுது. அதே பேட்டரி டிரில்லுல நல்லா ஓடுதே?

டிரில் குறைவாக இழுக்கும், இறுகிய சக்கர நட்டு நிறைய இழுக்கும். வயதான செல்லில் உள் எதிர்ப்பு கூடிவிட்டால் சும்மா இருக்கும்போது 21 வோல்ட் காட்டும், லோடு வந்த நொடியில் சரியும், காவல் சர்க்யூட் நிறுத்திவிடும். மீட்டரை மட்டும் நம்பினால் இது தெரியாது. முழு சார்ஜுக்குப் பிறகு ஒரு பெரிய லோடு கொடுத்து உடனே மறுபடி அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி விட்ட கையோடு 20க்கு மேல் திரும்பி வரும்.

இன்னொரு காரணம், ஐந்து செல்லில் ஒன்று மட்டும் பின்தங்கியிருப்பது. நாலு செல் 4.1ல் நிற்க ஒன்று 3.2ல் நின்றால், அந்த ஒன்று காலியானதும் மொத்தமும் நின்றுவிடும். தெரிந்தவர் திறந்து ஒவ்வொரு செல்லாக அளந்து, பின்தங்கியதைத் தனியாக ஏற்றிச் சமப்படுத்திப் பார்க்கலாம். ஒரே மாதத்தில் மறுபடி பின்தங்கினால் அந்தச் செல் தேறாது.

சின்ன 2 ஆம்பியர்-அவர் பேட்டரியை இம்பாக்ட் ரெஞ்சில் போட்டுவிட்டுக் குறை சொல்பவர்களும் உண்டு. அதில் ஐந்தே செல், 5 ஆம்பியர்-அவரில் பெரும்பாலும் பத்து. சக்கர வேலைக்குப் பெரியதைத்தான் போட வேண்டும்.

9900னு போட்ட செல் மலிவா கிடைக்குது. பழைய பேட்டரியில அதைப் போட்டு ரீபில் பண்ணலாமா?

பொய். 18650 அளவு செல்லில் பெரிய கம்பெனிகள் செய்வதே ஏறக்குறைய 3500 மில்லி ஆம்பியர்-அவர்தான். அதைவிடப் பருமனான 21700 செல்லில் 5000 சொச்சம். 9900 என்று அச்சடித்த செல் பெரும்பாலும் லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய செல்லுக்குப் புதுச் சட்டை. கையில் எடுத்துப் பாருங்கள், நல்ல 18650 ஒன்று 45 கிராமுக்கு மேல் கனக்கும்.

செல் நல்லதாகவே இருந்தாலும் கருவிக்கு வேண்டியது அதிகக் கரண்ட் கொடுக்கும் வகை. லேப்டாப் செல்லைப் போட்டால் ரெஞ்ச் இழுக்கும் இழுப்பில் சூடேறும். ரீபில் செய்ய வேண்டும் என்றால் பத்து செல்லும் ஒரே வகை, ஒரே வயது, ஸ்பாட் வெல்டிங். சால்டரிங் இரும்பைச் செல்லின் மேல் வைத்து ஒட்டுபவரிடம் கொடுக்காதீர்கள்.

ரொம்ப நாள் கிடந்து செத்துப்போன பேட்டரிக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ரெண்டு ஒயர் வச்சு கிக் கொடுத்தா எழுந்துக்கும்னு சயா (வாத்தியார்) சொன்னாரு.

எழுந்துகொள்ளலாம். அதுதான் ஆபத்து. லித்தியம் செல் மிகக் கீழே, ஒரு வோல்ட் ஒன்றரை வோல்ட்டுக்கு இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் உண்டாக்கும். அன்றைக்கு வேலை செய்யும், இன்னொரு நாள் ராத்திரி சார்ஜில் இருக்கும்போது தீப்பிடிக்கும். பெட்ரோல் வாடையும் கழிவு ஆயிலும் இருக்கும் இடத்தில் நாம் வேலை செய்கிறோம். சார்ஜர் மறுக்கும் லித்தியம் பேட்டரியை ஏமாற்றி ஏற்ற வேண்டாம். சயா அனுபவம் உள்ளவர்தான், அவர் கற்றது ஈய பேட்டரிக் காலத்தில்.

அப்போ கார் பேட்டரிக்கு மட்டும் செய்யலாமா? என் ஸ்மார்ட் சார்ஜர், பேட்டரியே இல்லைன்னு காட்டுதே.

செய்யலாம், ஈய பேட்டரிக்கு மட்டும். ஸ்மார்ட் சார்ஜர் முனையில் சில வோல்ட்டாவது இருந்தால்தான் பேட்டரி இருப்பதாக ஒத்துக்கொள்ளும். ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரியை, பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணைத்துவிட்டு சார்ஜரைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் செத்த பேட்டரி பத்து வோல்ட் தாண்டியதும் நல்லதைக் கழற்றிவிடலாம். சார்ஜரை ஆஃப் செய்துவிட்டுத்தான் கிளிப்பைத் தொட வேண்டும். சார்ஜ் ஏறும் ஈய பேட்டரி ஹைட்ரஜன் விடும், ஒரு பொறி போதும். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒரு நாள் முழுக்க ஏற்றியும் 10.5 வோல்ட் பக்கத்திலேயே நின்றால் ஆறு அறையில் ஒன்று செத்துவிட்டது. பழைய ஈய விலைக்குப் போடலாம்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் ஃபுல் சார்ஜ். கார்ல மாட்டினா ஒண்ணுமே வரல.

கிளிப்போடு வரும் சின்னப் பெட்டியில்தான் விஷயம். காரின் பேட்டரி ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால், மேலே ஸ்மார்ட் சார்ஜருக்குச் சொன்ன அதே காரணத்தால், அது கார் இருப்பதையே உணராது. அதற்கென்று ‘பூஸ்ட்’ பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் தலைகீழ் இணைப்புக்கான காவலும் போய்விடும். அதனால் சிவப்பு, கறுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு அமுக்குங்கள். ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடத்துக்குள் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் ஜம்ப் ஸ்டார்ட்டருக்குள் கரண்டைத் திணிக்கும்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் கொஞ்சம் உப்பியிருக்கு, ஆனா வேலை செய்யுது. ஓட்டலாமா?

கூடாது. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை விடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டின்னில், கட்டடத்துக்கு வெளியே மழை படாமல் வையுங்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தும் இடத்துக்கு அது போய்விடக் கூடாது. காரின் டேஷ்போர்டில் வெயிலில் விட்டுவிட்டுப் போவதுதான் உப்புவதற்கு முதல் காரணம்.

ஸ்கேனரை ப்ரோபாக்ஸ்ல மாட்டினேன், ஆன் ஆகல. பக்கத்து கார்ல மாட்டினா ஆகுது. ஸ்கேனர் கோளாறா?

பக்கத்துக் காரில் ஆனதென்றால் ஸ்கேனர் நல்லது, முதல் கேள்வியின் முறைதான் இங்கேயும். காரின் சாக்கெட்டில் கீழ் வரிசை வலது கோடி 16ஆம் முனை பேட்டரி பிளஸ், மேல் வரிசையில் 4ம் 5ம் எர்த். மீட்டரை 16க்கும் 4க்கும் வையுங்கள். ஒன்றும் வராவிட்டால் 16க்கும் காரின் பாடிக்கும் வையுங்கள். அப்போது 12 வந்தால் எர்த் அறுந்திருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் பியூஸ். சில கார்களில் இந்த சாக்கெட்டின் பியூஸ் சிகரெட் லைட்டரோடு சேர்ந்தது. டாக்ஸி ஓடிய காரில் மலிவான போன் சார்ஜர் அந்த பியூஸை எரித்திருக்கும்.

வேலை செய்துகொண்டிருக்கும்போது ஸ்டார்ட் அடித்ததும் ஸ்கேனர் அணைந்துபோனால் காரின் பேட்டரியைச் சோதியுங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் ஸ்கேனர் தாங்காது. காரின் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஏற்றும் வேலையை அப்படிப்பட்ட காரில் ஆரம்பிக்கவே கூடாது.

புது கை விளக்கு, டைப்-சி. போன் சார்ஜர்ல போட்டா ஏறல, பழைய சார்ஜர்ல ஏறுது!

புது போன் சார்ஜரில் இரண்டு பக்கமும் டைப்-சி ஒயர் இருக்கும். அப்படிப்பட்ட சார்ஜர், எதிர்ப் பக்கத்தில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதைப் பார்த்த பிறகுதான் கரண்டையே விடும். மலிவான விளக்குகளில் அந்தக் காசு பெறாத ரெசிஸ்டரைப் போடுவதில்லை. பழைய அகலமான யூஎஸ்பி சார்ஜர் எதையும் கேட்காமல் 5 வோல்ட் கொடுக்கும், அதில் போடுங்கள். விளக்கு நல்ல விளக்குதான்.

பேட்டரி டெஸ்டரைத் திறந்தா பென்சில் செல் ஒழுகி வெள்ளையா பூத்திருக்கு.

அது காரம். வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் நுரைத்துப் போகும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடுங்கள். வாரக் கணக்கில் எடுக்காத சாமானில் செல்லை உள்ளே விடாதீர்கள்.

கூரையில சோலார் பேனல் இருக்கு. மீட்டர்ல 21 வோல்ட் காட்டுது. 18 வோல்ட் பேட்டரிக்கும் ஃபுல் 21 தானே, நேரா ஒயர் கொடுத்துடலாமா?

கணக்கு அழகாகப் பொருந்துகிறது, ஆனால் கூடாது. பேனல் காலையில் ஒரு வோல்டேஜ் கொடுக்கும், உச்சி வெயிலில் வேறு கொடுக்கும், லோடு இல்லாதபோது 22ஐயும் தொடும். பேட்டரி நிறைந்ததும் நிறுத்த அங்கே யாரும் இல்லை. சூட்டைப் பார்க்கவும், பின்தங்கிய செல்லைக் கவனிக்கவும் ஆள் இல்லை. இவையெல்லாம் சார்ஜரின் வேலை. பேனலிலிருந்து கன்ட்ரோலர், அதிலிருந்து ஈய பேட்டரி, அதிலிருந்து இன்வெர்ட்டர், அதில் கம்பெனி சார்ஜர், இப்படிப் போங்கள். கார் சாக்கெட்டில் போடும் 12 வோல்ட் சார்ஜர் உங்கள் கம்பெனி பேட்டரிக்குக் கிடைத்தால் இன்வெர்ட்டர் இல்லாமலே ஈய பேட்டரியிலிருந்து ஏற்றலாம், இழப்பும் குறைவு.

ஒரு மாசம் கடையைப் பூட்டிட்டு இந்தியாவுக்குப் போறேன். பேட்டரியையெல்லாம் ஃபுல் பண்ணி வச்சுட்டுப் போகவா?

லித்தியத்தைப் பாதி சார்ஜில் வையுங்கள். இரண்டு, மூன்று கட்டை காட்டினால் போதும். சார்ஜரிலிருந்தும் மெஷினிலிருந்தும் கழற்றி, தகரக் கூரைக்கடியில் இல்லாமல் வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். காலியாக வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மேலே ‘கிக்’ கேள்வியில் சொன்ன நிலைமையில் கிடக்கும். ஈய பேட்டரிக்கு நேர்மாறு, முழுக்க ஏற்றி, முனையைக் கழற்றி வையுங்கள். ஸ்கேனரையும் ஜம்ப் ஸ்டார்ட்டரையும் முக்கால் சார்ஜில் ஆஃப் செய்து வைத்தால் போதும். சாவியை வாங்கிக்கொள்ளும் தம்பியிடம் சார்ஜர் எதையும் பிளக்கில் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் ஊரில் ஆளில்லாத கடையில் சார்ஜர் சொருகிக் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.